பட்டியலில் ஏறாத வாரம்

கிளியோதா பெட்டிக்ரூவுக்கு எழுபத்தொரு வயது. அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது என்று அவர் மகள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சுத்தப் பொய். லமார் அவென்யூவில் கார் ஸ்டீரியோ கடை வைத்திருந்த இருபத்திரண்டு வருஷத்தில் யார் வண்டிக்கு எந்த ஸ்பீக்கர் மாட்டினார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மறந்துபோனதாக அவர் நடித்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். அந்தச் சனிக்கிழமை டார்விஸ் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டதும் அதைப் பற்றிப் பேசத்தான். பாவம், அது டார்விஸுக்கே தெரியாது.

டார்விஸ் பாய்லண்ட் இப்போது மெம்ஃபிஸ் நகர பஸ் ஓட்டுகிறான். ஐம்பத்து மூன்று வயது, முழங்கால் வலி, வாசலில் நன்றாக வெட்டிய புல். தொண்ணூறுகளில் கறுப்பர்கள் வாழும் ஆரஞ்ச் மவுண்ட் பேட்டையில் அவனை டார்விஸ் என்று கூப்பிட்டால் யாரென்று கேட்பார்கள். அப்போது அவன் பெயர் லோ டீக்கன். அப்பா சர்ச் சபையில் டீக்கன் என்னும் உதவி ஊழியராக இருந்தார். மகனுக்குக் குரல் லோ, அடிவயிற்றிலிருந்து வரும். இரண்டையும் சேர்த்துப் பெயராக்கிக்கொண்டு ராப் பாடினான். சபையில் பாதிப் பேருக்கு அது பிடிக்கவில்லை. மீதிப் பேர் கேசட்டை ஒளித்து வைத்துக் கேட்டார்கள்.

சமையலறை மேஜையில் ஒரு தாள் இருந்தது. நெதர்லாந்தில் ஃபெம்கே என்று ஒரு பெண். பழைய மெம்ஃபிஸ் கேசட்டுகளைத் தேடிப் பிடித்து இசைத்தட்டாகப் போடும் சின்ன கம்பெனி வைத்திருக்கிறாள். லோ டீக்கன் பாடியது அத்தனையையும் ஒரே பெட்டியில் போடப் போகிறாளாம். கூடவே ஒரு புத்தகம். அதில் எந்தக் கேசட் எந்த மாதம் வந்தது, விற்பனைப் பட்டியலில் எத்தனையாவது இடம் வரை ஏறியது என்று வரிசையாக இருக்கும். இரண்டு மணிக்குப் போன் செய்வதாகச் சொல்லியிருந்தாள். அதற்குள் தேதிகளைச் சரிபார்க்கத்தான் கிளியோதாவுக்கு அழைப்பு.

"மிஸ்டர் கிளியோ, மொத கேசட்டு தொண்ணூறுல வந்ததா, தொண்ணூத்தொண்ணுலயா?"

"தொண்ணூறு, அக்டோபர். 'ஞாயித்துக்கெழம சட்டை'. நீ அறுபது கேசட்ட ஷூ டப்பாவுல போட்டு எடுத்துட்டு வந்தே. அதுல பத்துல சத்தமே இல்ல."

டார்விஸ் மேஜையைத் தட்டிச் சிரித்தான். "பதினொண்ணு!"

"பதினொண்ணுதான். வாங்கினவன் ஒருத்தன்கூடத் திருப்பித் தரலையே. 'டீக்கன் மௌனமா ஜெபம் பண்றான் போல'ன்னு சொல்லிட்டுப் போயிட்டான்."

அந்த அறுபதையும் பதிவு செய்தவன் லேசட்ரிக், எல்லோருக்கும் லேஸ். டார்விஸின் பெரியம்மா மகன், அவனைவிட இரண்டு வயது பெரியவன். பெரியம்மா வீட்டு மேஜையில் இரட்டை டெக் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் மூலக் கேசட், மறுபக்கம் வெற்றுக் கேசட் என்று நாள் முழுக்க உட்கார்ந்து போட்டுத் தள்ளுவான். பெரியம்மா அடுப்பில் கீரையை வேகவைத்துவிட்டு, "இந்தப் பையன் என் மேஜையில சாப்பாட்டுக்கு எடம் விடமாட்டேங்கறானே" என்று கத்துவாள். அது நடந்தது கிளியோதாவின் கண்ணெதிரில்தான். அந்த வீட்டுக் கீரையைப் போல் அவர் பிறகு எங்கும் சாப்பிடவில்லை. லேசின் பெயர் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை என்பதை அவர் கவனித்தார்.

வரிசையாகப் போனார்கள். தொண்ணூற்று இரண்டில் 'கார்னெஸ் தெரு'. பட்டியல் எதிலும் இல்லை, ஆனால் மெம்ஃபிஸில் அது ஓடாத கார் இல்லை. தொண்ணூற்று நான்கில் 'பின்சீட்டில் பாஸ்டர்' என்ற ஒற்றைப் பாட்டு. நாடு முழுக்க ராப் பாட்டுப் பட்டியலில் நாற்பத்தொன்றாவது இடம். அந்த வாரம் முடிவெட்டும் கடையில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கண்ணாடியில் ஒட்டினார்கள். நாற்பத்தொன்று என்ற எண்ணை இரண்டு பேர் கையில் பச்சை குத்திக்கொண்டார்கள். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்த வயதில் அப்படி ஒரு பைத்தியம் பிடிக்காதவனைப் பார்த்தால் கிளியோதாவுக்குப் பாவமாக இருக்கும்.

பிறகு தொண்ணூற்று ஆறு. 'சாவி வண்டியிலேயே இருக்கு'. முதல் முழு ஆல்பம். அட்லாண்டா கம்பெனி ஒன்று வெளியிட்டது. அதற்கு நேரே ஃபெம்கே எதுவும் எழுதாமல் விட்டிருந்தாள். கீழே ஒரு கேள்வி மட்டும் இருந்தது: ஊரே கொண்டாடிய ஆல்பம் ஏன் பட்டியலில் ஏறவில்லை? கள்ளக் காப்பி போட்டார்கள் என்று பழைய ரசிகர்கள் சொல்கிறார்களே, அப்படி எழுதலாமா?

"எழுதும்மான்னு சொல்லப் போறேன்," என்றான் டார்விஸ். சிரிப்பு போய்விட்டிருந்தது. "என் ஊரு ஜனம் ஒண்ணு வாங்கி நாப்பது காப்பி போட்டுச்சு. பேரு வேணாம். 'சொந்தக்காரன் ஒருத்தன் காப்பி போட்டு வித்தான்'னு இருந்தாப் போதும். படிக்கவேண்டியவனுக்குப் புரியும்."

கிளியோதா தாளைத் தன் பக்கம் இழுத்து அந்தக் கேள்வியை மறுபடி படித்தார்.

அவர் கடையின் பெருமை கடைக்குள் இல்லை, முன்னால் இருந்த கார் நிறுத்தும் இடத்தில் இருந்தது. அங்கே ஒரு பழுப்பு நிற ஷெவர்லே நிற்கும். டிக்கியில் நான்கு பெரிய ஸ்பீக்கர். ஆரஞ்ச் மவுண்டில் எந்தப் புதுக் கேசட் வந்தாலும் முதலில் அந்த வண்டியில் போட்டுப் பார்க்கவேண்டும். நம்பர் பிளேட் அதிர்ந்தால் கேசட் தேறியது. அதிராவிட்டால் பாடினவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவான். இரண்டு மைல் தள்ளி மாலில் பெரிய கடை இருந்தது. அங்கே மவுண்ட் ஆட்கள் நுழைந்தால் காவலாளி ஒருத்தன் அலமாரி அலமாரியாகப் பின்னாலேயே வருவான். அந்த அவமானத்தைப் பட்டுக்கொண்டு யார் கேசட் வாங்குவார்கள்? கிளியோதாவிடம் வாங்கினால் நம்பர் பிளேட்டும் அதிரும், நாலு பேரையும் பார்க்கலாம்.

தொண்ணூற்று ஆறு ஜனவரியில் ஒருத்தன் வந்தான். காக்கிப் பேன்ட், கையில் நோட்டு, கக்கத்தில் ஒரு பெட்டி. "வாரத்துக்கு எத்தனை கேசட் விக்கறீங்க? இந்த மெஷின உங்க கல்லாப்பெட்டி பக்கத்துல வெச்சா போதும். விக்கற ஒவ்வொண்ணையும் அதுவே எண்ணி எங்களுக்குச் சொல்லிடும்," என்றான். கிளியோதா அவனை மேலும் கீழும் பார்த்தார். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஊர் டிஜேக்கள் ஊரார் பாட்டையெல்லாம் அனுமதியில்லாமல் கலந்து போட்ட கேசட்டுகள் ஒரு அலமாரி நிறைய இருந்தன. இரண்டு மாதம் முன்புதான் பக்கத்துத் தெருக் கடையில் போலீஸ் புகுந்து அப்படிப்பட்ட கேசட்டுகளை மூட்டை கட்டிக்கொண்டு போயிருந்தது. வெள்ளைக்காரன் நோட்டோடு வந்து எத்தனை விற்கிறாய் என்று கேட்டால் மவுண்டில் பிறந்த எவன் உண்மையைச் சொல்வான்?

"கேசட்டா? இங்க ஒயரும் ஸ்பீக்கரும்தான் தம்பி. கேசட்டுன்னு ஒண்ணு நான் கண்ணால பாத்ததில்ல," என்றார்.

வெளியே லோ டீக்கன் குரலில் கண்ணாடி ஜன்னல் அதிர்ந்துகொண்டிருந்தது. வந்தவன் ஜன்னலைப் பார்த்தான், இவரைப் பார்த்தான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அன்று மாலை முடிவெட்டும் கடையில் கிளியோதா இதை நடித்துக் காட்டினார். சிரித்துச் சிரித்து ஒருத்தன் பாதி மழித்த முகத்தோடு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். அந்த வாரம் முழுக்க அவர்தான் ஹீரோ.

ஆல்பம் மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வெளிவந்தது. முதல் வாரத்திலேயே நாட்டின் முதல் இருநூறு ஆல்பங்களுக்குள் வந்துவிட்டால் அடுத்த ஆல்பம் உறுதி என்று கம்பெனி சொல்லியிருந்தது. வராவிட்டால் கைகுலுக்கிவிட்டு அவரவர் வழி. டார்விஸை அலபாமா, டெக்சாஸ் என்று ரேடியோ நிலையங்களுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். போகும் முன் அவன் சபை வாசலில் நின்று, "இந்த வாரமே வாங்குங்க, அடுத்த வாரம் வாங்கினா பிரயோஜனமில்ல" என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துச் சொன்னான். ஜனம் வாங்கியது. கிளியோதா கடை முன்னால் பஸ் திரும்ப இடமில்லாமல் கூட்டம். மொத்த வியாபாரியிடம் மூன்று முறை போய்ப் பெட்டி பெட்டியாக ஏற்றி வந்தார். கேசட் பிளேயரே இல்லாத சபைச் சகோதரி ஓசெல்லா இரண்டு வாங்கி ஒன்றை பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் பட்டியல் வந்தது. லோ டீக்கன் இல்லை. வியாழக்கிழமை மொத்த வியாபாரியிடம் கிளியோதா ஆத்திரத்தோடு போனார். "நான் ஒருத்தனே ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது வித்தேனே!" என்று கத்தினார். அந்த ஆள் நிதானமாகக் கேட்டான்: "உங்க கடையில மெஷின் இருக்கா?" கிளியோதாவுக்குக் காக்கிப் பேன்ட் ஞாபகம் வந்தது. "மெஷின் இல்லன்னா நீங்க வித்ததுல ஒண்ணுகூட பட்டியல் கணக்குல வராது. உங்க ஆளு ஆயிரத்துச் சொச்சம் கொறஞ்சதுல எடத்த விட்டுட்டான்," என்றான் அவன். கிளியோதா வண்டியில் வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் சாவியைத் திருப்பவில்லை.

சனிக்கிழமை டார்விஸ் வந்தான். கண் சிவந்திருந்தது. "மெம்ஃபிஸ் முழுக்க எரநூறு கேசட்டுகூடப் போகலையாம், மிஸ்டர் கிளியோ. ஆனா எல்லா வண்டியிலயும் என் குரல் கேக்குது. உங்க கடையில எத்தன போச்சு?" என்று கேட்டான்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. கிளியோதா கையிலிருந்த ஒயரைச் சுற்றிக்கொண்டே, "ஒண்ணும் பெருசாப் போகலப்பா," என்றார். டார்விஸ் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் எந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு போனான் என்று கிளியோதாவுக்கு அன்றைக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்து, டார்விஸ் லேசோடு பேசுவதில்லை என்று முடிவெட்டும் கடையில் கேள்விப்பட்டபோதுதான் புரிந்தது. கடையில் விற்கவில்லை, ஆனால் ஊரெல்லாம் ஓடுகிறது என்றால் யாரோ காப்பி போட்டிருக்கிறான். மவுண்டில் இரட்டை டெக் வைத்துக்கொண்டு ராப்பகலாகக் காப்பி போடத் தெரிந்தவன் யார்? அன்றைக்கும் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று மென்று முழுங்கினார். இப்படியே இருபத்தேழு வருஷம் ஓடிவிட்டது.

மேஜையில் போன் அடித்தது. டார்விஸ் கையை நீட்டினான்.

"எடுக்காத," என்றார் கிளியோதா.

"ஃபெம்கேதான்."

"தெரியும். எடுக்காத. நான் சொல்றத மொதல்ல கேளு."

சொன்னார். காக்கிப் பேன்ட்டிலிருந்து ஆரம்பித்து ஒயரைச் சுற்றியது வரைக்கும். போன் அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. டார்விஸ் அதைப் பார்க்கவே இல்லை. அவர் முடித்ததும், "எத்தன?" என்றான்.

"ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது."

"யாரு யாரு?"

"உன் அம்மா அஞ்சு வாங்கினாங்க, உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டு. ஸ்கூல் கோச் ஒண்ணு. பாஸ்டர் டிரைவரை அனுப்பி ஒண்ணு வாங்கினாரு, தனக்கில்லன்னு சொல்லச் சொல்லி. சபைப் பாட்டுக் குழு மொத்தமும். உன் பஸ்ஸுல ஏறி எறங்கற கெழடு கட்டை எல்லாமே."

"அவங்ககிட்ட நான் குட்மார்னிங்கூடச் சொல்றதில்ல," என்றான் டார்விஸ். "இருபது வருஷமா கண்ணாடியில பாப்பேன். 'திருட்டுப் பசங்க'ன்னு மனசுக்குள்ள சொல்லிட்டு கதவச் சாத்துவேன்."

கிளியோதா மேஜையில் இருந்த தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"லேஸ்?" என்றான். அந்தப் பெயரை அவன் வாயால் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"தெனம் வருவான். தெனம் ஒண்ணு வாங்குவான். ஞாயித்துக்கெழம கடை கெடையாது. அதனால ஆறு."

டார்விஸ் எழுந்துவிட்டான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "நான் உங்க முன்னாடி வந்து நின்னு கேட்டேன். என் மூஞ்சியப் பாத்துத்தான சொன்னீங்க?"

"மூஞ்சியப் பாக்கல. ஒயரப் பாத்தேன்."

"வாயப் பொத்துங்க மிஸ்டர் கிளியோ. ஏன்? அடிச்சிருப்பேனா உங்கள?"

"அடிச்சிருந்தா பரவாயில்லடா. நீ என் கடைப் பக்கம் வராம போயிருப்பே. நீ வராத கடைக்கு மவுண்டுல எவன் வருவான்? சனிக்கெழம அந்தக் கூட்டந்தான் எனக்கு எல்லாமே. வேற என்ன இருந்துச்சு எனக்கு? மனைவி போயாச்சு. பயந்துட்டேன்."

சொல்லி முடித்ததும் அவருக்கே அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று உறைத்தது. ஒரு மனுஷனின் பாட்டையும் அண்ணனையும் பறித்துக்கொண்டு, அதற்குப் பதிலாக அவர் காப்பாற்றிக்கொண்டது சில சனிக்கிழமைகள். அந்தக் கடையும் பத்து வருஷத்தில் மூடியாகிவிட்டது.

டார்விஸ் சுவரில் மாட்டியிருந்த கார்ச் சாவியை எடுத்தான். "என்கிட்ட சொன்னா ஆச்சா? ஏறுங்க."

லேஸ் இப்போது குடியிருக்கும் வைட்ஹேவனுக்குப் போகும் வழியெல்லாம் அவன் ரேடியோ போடவில்லை. கிளியோதா ஸ்பீக்கர் மாட்டிய வண்டிகள் ஒரு காலத்தில் வரிசையாக நின்ற தெருக்கள் வழியாகப் போனார்கள். அவருக்கு ஒவ்வொரு வீடும் தெரியும். அந்த நீல வீட்டுப் பையன் இருபத்திரண்டு வயதில் செத்துப்போனான். அந்த மூலைக் கடையில் 'கார்னெஸ் தெரு' கேட்டு நடு ரோட்டில் ஆடியவர்கள் இன்று பாட்டி தாத்தா ஆகிவிட்டார்கள். சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டார். பழைய கதை பேசும் உரிமை இன்றைக்குத் தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

லேசட்ரிக் வீட்டுப் பின்புறம் இரும்புப் பீப்பாயில் பன்றித் தோள்பட்டையை வாட்டிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரை. மனைவி வெர்னிடா பின்புற வேலிக் கதவைத் திறந்து டார்விஸைப் பார்த்ததும் வாயில் கையை வைத்தவள்தான், வழிவிட மறந்தே போனாள். லேஸ் இடுக்கியோடு திரும்பினான்.

கிளியோதா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி எல்லாவற்றையும் சொன்னார். இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தார். இல்லை. லேஸ் இடையில் இறைச்சியை ஒருமுறை திருப்பிப் போட்டான். அவ்வளவுதான்.

"அப்ப அதான் காரணமா?" என்றான் கடைசியில், டார்விஸைப் பார்த்து. "நீ கம்பெனி ஆளாயிட்டே, நான் ஷூ டப்பாக்காரன், அதான் பேசமாட்டேங்கறேன்னு நெனச்சேன்."

"நானா கம்பெனி ஆளு? பஸ்ஸு ஓட்டறேன் லேஸ்."

"அதுகூட எனக்கு எவனோ சொல்லித்தான் தெரியும்." லேஸ் இடுக்கியால் கிளியோதாவைக் காட்டினான். "இவரு பொய் சொன்னாரு. சரி, அது இவரு பாவம். நீ இவர்கிட்ட போய்க் கேட்டே. அப்ப என் வீடு உனக்கு அடுத்த தெரு. என்கிட்ட ஏன்டா ஒரு தடவ கேக்கல?"

டார்விஸ் வாயைத் திறந்தான். ஒரு காலத்தில் மூச்சு விடாமல் நிமிஷக்கணக்கில் வார்த்தையை அடுக்கிய வாய். ஒன்றும் வரவில்லை. பீப்பாயிலிருந்து புகை அவன் முகத்துக்கு நேரே போனது. அவன் நகரவில்லை.

"இப்பக் கேக்கறேன்," என்றான். "நீ காப்பி போட்டியா லேஸ்?"

லேஸ் இடுக்கியைக் கீழே வைத்தான்.

"இல்லடா," என்றான். "ஒண்ணுகூட இல்ல."

அதற்குப் பிறகு அவனால் நிற்க முடியவில்லை. கட்டியிருந்த ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு, ஐம்பத்தைந்து வயது மனிதன் குழந்தையைப் போல் அழுதான். டார்விஸ் போய்க் கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள், டார்விஸின் முழங்கால் வலியையும் மறந்து.

வெகுநேரம் கழித்து வெர்னிடா இறைச்சியும் ஸ்பகெட்டியும் வைத்த இரண்டு தட்டுகளோடு வந்தாள். ஒன்றைக் கணவனிடம் கொடுத்தாள், ஒன்றை டார்விஸிடம் கொடுத்தாள். கிளியோதாவைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றுகொண்டே இருந்தார்.